எஃப்5 தட்டினால் அணை நிலவரம்: ஈமாக்ஸுக்குச் சின்னச் சின்ன லிஸ்ப் கட்டளைகள்

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்காகத் தினமும் காலையில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவருகிறார். குறிப்பெல்லாம் ஈமாக்ஸ் என்கிற உரை எடிட்டரில்தான். கூடப் படித்த நண்பர் ஏற்றிக் கொடுத்தாராம். செட்டிங்ஸ் ஃபைலும் அந்த நண்பருடையதே, லிஸ்ப் என்கிற கணினி மொழியில் நானூறு வரி. "அண்ணாச்சி, அதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நின்றுபோகிறது. லிஸ்ப் மொழியை முழுசாகப் படித்தால்தான் இதில் கை வைக்க முடியுமா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு விசை. தட்டினால் தேதியும் மூன்று அணையும் வரிசையாக வந்து நிற்க வேண்டும்" என்பது அவர் கேள்வி.

முழுசாகப் படிக்க வேண்டாம் தம்பி. பத்துப் பதினைந்து சொல் தெரிந்தால் இந்த வேலை முடிந்துவிடும். அந்த நானூறு வரி ஃபைலை மட்டும் இப்போதைக்குப் பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள். அது உங்கள் நண்பரின் கைப்பழக்கத்துக்கு எழுதியது. அவர் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தாரோ அதற்குத்தான் அதில் கட்டளை இருக்கும். உங்களுக்கான ஃபைல் உங்கள் காலை வேலையிலிருந்து முளைக்க வேண்டும். முதல் வாரம் இருபது முப்பது வரி இருந்தாலே தாராளம்.

ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், தைரியத்துக்கு. ஈமாக்ஸ் 1976ல் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டெக்கோ என்கிற பழைய எடிட்டருக்கு அங்கிருந்தவர்கள் எழுதிவைத்த குறுங்கட்டளைகளை ஒன்றாகத் திரட்டி ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உருவாக்கினார். இரண்டு வருடம் கழித்து, 1978ல், மல்டிக்ஸ் என்கிற இயங்குதளத்துக்காக பெர்னார்ட் கிரீன்பெர்க் என்பவர் ஈமாக்ஸை லிஸ்ப்பிலேயே எழுதினார். அவர் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிற செயலாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். எடிட்டரைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி எப்படி நீட்டிக்கொள்வது என்று சொல்லும் ஒரு கையேடு அவர்களிடம் இருந்தது. அதில் 'இது புரோகிராமிங்' என்ற பேச்சே கிடையாது. நமக்குப் புரோகிராமிங் வராது என்று நம்பியிருந்தவர்கள் அதனால் பயப்படாமல் படித்து, தங்கள் வேலைக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஸ்டால்மன் இதைப் பின்னாளில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். இன்று நீங்கள் வைத்திருக்கும் குனு ஈமாக்ஸ் 1985ல் வெளிவந்தது. லிஸ்ப் அதற்கும் மூத்தது. ஜான் மெக்கார்த்தி 1958ல் தொடங்கிய மொழி. பாளையங்கோட்டையில் டிடிபி கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செயலாளர்கள் கதையைத்தான்.

மற்ற மென்பொருளில் செட்டிங்ஸ் என்றால் ஒரு படிவம். கட்டத்தில் டிக் அடிக்கிறோம், அவ்வளவு. ஈமாக்ஸில் செட்டிங்ஸும் கட்டளையும் ஒரே சரக்கு. இரண்டையும் லிஸ்ப்பில்தான் சொல்கிறோம். அந்த மொழியின் வாக்கியம் எப்போதும் ஒரே அமைப்பு: பிராக்கெட்டைத் திறந்தால் முதலில் வருவது செய்ய வேண்டிய வேலை, அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த வேலைக்கு வேண்டிய சாமான். ஈமாக்ஸைத் திறந்தவுடன் ஸ்கிராட்ச் என்று ஒரு பக்கம் வருமே, அதில் இதை அடியுங்கள்:

(- 143 98)

கடைசி பிராக்கெட்டுக்குப் பின்னால் கர்சரை வைத்து, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-இ தட்டுங்கள். கீழ் வரியில் 45 என்று வரும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, இன்றைக்கு 98 அடி இருந்தால் நிரம்ப இன்னும் 45 அடி. நீங்கள் லிஸ்ப் எழுதிவிட்டீர்கள். ஃபைலில் எழுதிச் சேமித்து, ஈமாக்ஸை மூடித் திறந்து பார்க்க வேண்டியதில்லை. எந்த வரியையும் எழுதிய இடத்திலேயே இப்படி ஓட்டிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இனிமேல் வரும் வரிகளை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெஃபன், இன்சர்ட் போன்ற லிஸ்ப்பின் சொந்தச் சொற்களையும், எழுத்துரு, உள்ளீட்டு முறை, விசை இவற்றின் பெயர்களையும், எழுத்துரு வரியில் 'தமிழ் என்பதையும், % குறியை அடுத்து வரும் எழுத்துகளையும் மட்டும் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டு சந்தேகமாக இருந்தால் முதல் சில எழுத்தை அடித்துவிட்டு கண்ட்ரோல்-ஆல்ட்-ஐ தட்டுங்கள், ஈமாக்ஸே மிச்சத்தை எடுத்துக் கொடுக்கும். நீங்களாக வைக்கிற பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. கட்டளைக்கு 'அணை-இடு' என்று பெயர் வைத்தால், ஆல்ட்-எக்ஸ் தட்டி அணை-இடு என்று அடித்தால் ஓடும். நடுவே இடைவெளி மட்டும் விடக்கூடாது, சிறுகோடு போட வேண்டும்.

முதலில் எழுத்துரு. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ கோணல்மாணலாகவோ தெரிந்தால் இந்த ஒரு வரி போதும்:

(செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட் டி 'தமிழ் "நோட்டோ சான்ஸ் தமிழ்")

தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் இந்த எழுத்துருவை எடுத்துக்கொள், மற்றதைத் தொடாதே என்று அர்த்தம். மூன்றாவதாக நிற்கிற சொல்லுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் இருக்கிறது, அதைப் பிறகு விளக்குகிறேன். கூடவே,

(ஆட்-ஹுக் 'டெக்ஸ்ட்-மோட்-ஹுக் 'விஷுவல்-லைன்-மோட்)

என்று ஒன்று. நீள வரி திரைக்கு வெளியே ஓடாமல் சொல் பிரியும் இடத்தில் மடங்கி விழும். ஹுக் என்பது கொக்கிதான். சாதாரண உரை ஃபைல் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொக்கியில் மாட்டியதெல்லாம் ஓடும்.

செட்டிங்ஸில் ஆளை மிகவும் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. வரி நீளத்தை 72 எழுத்தாக வைக்க (செட்க்யூ ஃபில்-காலம் 72) என்று எழுதுவார்கள். ஈமாக்ஸைத் திறந்து, குறிப்பு ஃபைலுக்குள் போனால் பழைய 70தான் இருக்கும். வரியில் தவறில்லை. சில மதிப்புகள் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி. ஒரே கால்வாயில் ஒவ்வொரு மடைக்கும் தனிப்பலகை இருப்பதுபோல. செட்க்யூ அந்த நேரத்தில் திறந்திருக்கிற பக்கத்துக்கு மட்டும் பலகையை மாற்றும். ஈமாக்ஸ் தொடங்கும்போது திறந்திருப்பது ஸ்கிராட்ச் பக்கம் என்பதால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக வேண்டுமானால் செட்க்யூ-டிஃபால்ட் என்று எழுத வேண்டும். ஒரு மதிப்பு எந்த வகை என்று தெரிய, கண்ட்ரோல்-எச் வி தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். தனித்தனியானதாக இருந்தால் விளக்கத்திலேயே போட்டிருக்கும்.

இனி உங்கள் விசைக்கு வருவோம். ஒரே மூச்சில் எழுதாமல் தேதியை மட்டும் முதலில் எழுதுவோம்.

(டெஃபன் நாள்-இடு ()
  "இன்றைய தேதியை இடும்."
  (இன்டராக்டிவ்)
  (இன்சர்ட் (ஃபார்மாட்-டைம்-ஸ்ட்ரிங் "%டி-%எம்-%ஒய்")))

டெஃபன் என்றால் ஒரு வேலைக்குப் பெயர் வைத்தல். அடுத்து வெறும் பிராக்கெட், இந்த வேலைக்கு வெளியிலிருந்து சாமான் எதுவும் வேண்டாம் என்பதற்கு அடையாளம். மேற்கோளுக்குள் இருக்கும் வாக்கியம் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தேவைப்படும். கண்ட்ரோல்-எச் எஃப் தட்டி நாள்-இடு என்று கேட்டால் ஈமாக்ஸ் அதைத்தான் எடுத்துக் காட்டும். அதைத் தமிழில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். இன்சர்ட் என்பது கர்சர் நிற்கும் இடத்தில் எழுதுவது. இன்டராக்டிவ் என்கிற ஒற்றைச் சொல்தான் இந்த வேலையை ஆல்ட்-எக்ஸிலும் விசையிலும் கூப்பிடக்கூடிய கட்டளையாக மாற்றுகிறது. அதை விட்டுவிட்டால் வேலை இருக்கும், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் வராது. மற்ற வேலைகள் உள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும் வரும்.

தேதி வடிவத்தில் டி, எம் இரண்டும் சிறிய எழுத்து, ஒய் மட்டும் பெரிய எழுத்து. எம்மைப் பெரிதாக அடித்துவிட்டால் மாதம் இருக்கிற இடத்தில் நிமிடம் வந்து உட்காரும். ஒய்யைச் சிறிதாக அடித்தால் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வரும். காலை ஆறே முக்காலுக்கு ஓட்டினால் 45ஆம் மாதம் என்று எழுதும், அது உடனே கண்ணில் படும். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஓட்டினால் 10ஆம் மாதம் என்று சாதுவாக எழுதிவிட்டுப் போகும், பல நாள் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எழுதிய அன்றைக்கே காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.

கிழமையும் தமிழில் வேண்டும் என்பீர்கள். அதே வடிவத்தில் சிறிய டபிள்யூ கொடுத்தால் ஞாயிறுக்கு 0, திங்களுக்கு 1, இப்படி சனிக்கு 6 வரை எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் ஆயிற்று:

(டெஃபன் நாள்-இடு ()
  "இன்றைய தேதியையும் கிழமையையும் இடும்."
  (இன்டராக்டிவ்)
  (இன்சர்ட் (ஃபார்மாட்-டைம்-ஸ்ட்ரிங் "%டி-%எம்-%ஒய் ")
    (என்த் (ஸ்ட்ரிங்-டு-நம்பர் (ஃபார்மாட்-டைம்-ஸ்ட்ரிங் "%டபிள்யூ"))
      '("ஞாயிறு" "திங்கள்" "செவ்வாய்" "புதன்" "வியாழன்" "வெள்ளி" "சனி"))))

என்த் என்பது பட்டியலில் எத்தனையாவது என்று கேட்பது, எண்ணிக்கை 0லிருந்து தொடங்கும். ஞாயிறு முதலில் இருப்பதால் இரண்டும் பொருந்துகின்றன. திங்களை முதலில் எழுதினால் தினமும் ஒரு நாள் முந்திவிடும்.

பட்டியலுக்கு முன்னால் இருக்கிற ஒற்றை மேற்கோளை இப்போது சொல்லிவிடுகிறேன். தெருவில் நின்று "ஏல முருகா" என்று கூப்பிடுவது ஒன்று, "அவன் பேர் முருகன்" என்று சொல்வது வேறொன்று. முதலாவதில் ஆள் வந்து நிற்பான், இரண்டாவதில் பெயர் மட்டும். லிஸ்ப்பில் சும்மா ஒரு சொல்லை எழுதினால் கூப்பிட்டதாக அர்த்தம், முன்னால் மேற்கோள் போட்டால் பெயரைச் சொன்னதாக அர்த்தம். கிழமைப் பட்டியலில் மேற்கோளை விட்டுவிட்டால், பிராக்கெட்டுக்குள் முதலில் நிற்கும் "ஞாயிறு" என்பதை ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டு அதைச் செய்யப் போகும், அப்படி ஒரு வேலை இல்லை என்று நின்றுவிடும். புதியவர்களின் பிழைகளில் பாதி இந்த ஒரு குறியால் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அணை. மூன்றுக்கும் ஒரே மாதிரி வரிதான், பெயரும் முழு மட்டமும் மட்டும் மாறும். அதனால் ஒரு வரி எழுதுகிற வேலையைத் தனியாக வைத்து மூன்று தரம் கூப்பிடுவோம்.

(டெஃபன் அணை-வரி (பெயர் முழுமட்டம்)
  "ஓர் அணையின் இன்றைய மட்டத்தைக் கேட்டு ஒரு வரி எழுதும்."
  (லெட் ((இன்று (ரீட்-நம்பர் (கான்கேட் பெயர் " எத்தனை அடி? "))))
    (இன்சர்ட் (ஃபார்மாட் "%எஸ்: %.2எஃப் அடி, நிரம்ப இன்னும் %.2எஃப் அடி
" பெயர் இன்று (- முழுமட்டம் இன்று)))))

லெட் என்பது ஒரு மதிப்பைத் தற்காலிகமாக ஒரு பெயரில் வைத்திருப்பது. இந்த பிராக்கெட் மூடியதும் அந்தப் பெயர் போய்விடும். கான்கேட் என்பது அணையின் பெயரையும் கேள்வியையும் ஒன்றாக ஒட்டுவது. ரீட்-நம்பர் கீழ் வரியில் கேள்வி கேட்டு எண்ணை வாங்கும், எண் அல்லாததை அடித்தால் திரும்பக் கேட்கும். ஃபார்மாட்டில் எஸ் இருக்கிற இடத்தில் பெயர் வரும், எஃப் இருக்கிற இடத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எண் வரும். அங்கேயும் எஸ் போட்டால் என்ன என்று கேட்கலாம். கணினி பின்னங்களை இரண்டின் அடுக்கில் வைத்துக்கொள்வதால் சில கழித்தல்களுக்கு விடை ஒரு நீளமான வாலோடு வரும். பாசனக்காரர் ஒருவருக்கு புள்ளிக்குப் பின்னால் பதினைந்து இலக்கத்தோடு நீர்மட்டம் போனால் அவர் உங்கள் கணக்கையே சந்தேகப்படுவார். மேற்கோளுக்குள் வரியை உடைத்திருப்பதைக் கவனித்தீர்களா? அது வேண்டுமென்றே செய்தது. மேற்கோளுக்குள் நீங்கள் தட்டிய என்டர் அப்படியே குறிப்பிலும் என்டராக விழும்.

இதில் இன்டராக்டிவ் இல்லை. இது உள்வேலை, நீங்கள் நேரடியாகக் கூப்பிடப் போவதில்லை. நீங்கள் கூப்பிடப் போவது இதை:

(டெஃபன் அணை-இடு ()
  "இன்றைய அணை நிலவரத்தை எழுதி நகலும் எடுக்கும்."
  (இன்டராக்டிவ்)
  (லெட் ((தொடக்கம் (பாயிண்ட்)))
    (நாள்-இடு)
    (நியூலைன்)
    (அணை-வரி "பாபநாசம்" 143)
    (அணை-வரி "சேர்வலாறு" 156)
    (அணை-வரி "மணிமுத்தாறு" 118)
    (காப்பி-ரீஜியன்-அஸ்-கில் தொடக்கம் (பாயிண்ட்))))

(க்ளோபல்-செட்-கீ [எஃப்5] 'அணை-இடு)

நியூலைன் என்ற வரியை நான் முதலில் எழுதவில்லை. ஓட்டிப் பார்த்தபோது தேதியும் கிழமையும் முடிந்த கையோடு இடைவெளிகூட இல்லாமல் "வியாழன்பாபநாசம்" என்று ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்துவிட்டுச் சேர்த்தேன். கட்டளை எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் போகும்: எழுது, ஓட்டு, கண்ணால் பார், ஒரு வரி திருத்து.

பாயிண்ட் என்றால் கர்சர் நிற்கும் இடம். வேலை தொடங்கும்போது அந்த இடத்தைக் குறித்துவைத்து, முடிந்தபின் அங்கிருந்து இங்குவரை நகல் எடுக்கச் சொல்கிறோம். உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காதது இது, ஆனால் வாட்ஸ்அப்புக்குப் போவதால் சேர்த்தேன். எஃப்5 தட்டி மூன்று எண் கொடுத்தவுடன் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒட்டினால் போதும். வெட்டுதல், ஒட்டுதலுக்கு இன்றைக்கு எல்லோரும் சொல்கிற பெயர்கள் நிலைபெறுவதற்கு முன்பே பிறந்தது என்பதால் ஈமாக்ஸில் அதற்கெல்லாம் கில், யாங்க் என்று வேறு பெயர். பயந்துவிடாதீர்கள், கில் என்று இருந்தாலும் இந்தக் கட்டளை எதையும் அழிக்காது.

கடைசி வரியில் அணை-இடு என்பதற்கு முன்னால் மறுபடி அந்த மேற்கோள். இங்கே அதை விட்டால் 'சிம்பல்ஸ் வேல்யூ ஆஸ் வேரியபிள் இஸ் வாய்ட்' என்று பிழை வரும். இந்தப் பெயரில் மதிப்பு எதையும் வைத்திருக்கவில்லையே என்று அது கேட்கிறது. எஃப்5ஐத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. எஃப்5 முதல் எஃப்9 வரையிலும், கண்ட்ரோல்-சியை அடுத்து ஓர் எழுத்து என்ற வகையிலும் வரும் விசைகள் பயன்படுத்துகிறவருக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஈமாக்ஸின் விதிமுறையிலேயே இருக்கிறது. அங்கே நீங்கள் எதை வைத்தாலும் ஒழுங்காக எழுதப்பட்ட எந்தப் பேக்கேஜும் வந்து மோதாது. நண்பரின் ஃபைலில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நின்றதற்கு இந்த எல்லை மீறலும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

தமிழ் அடிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். கணினியின் கீபோர்டையே தமிழுக்கு மாற்றிவிட்டு ஈமாக்ஸுக்குள் வந்தால், லினக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ் தட்டினால் கண்ட்ரோலோடு ஏதோ ஒரு தமிழ் எழுத்து போய்ச் சேரும். அப்படி ஒரு விசை இல்லை என்று ஈமாக்ஸ் சொல்லும். சேமிக்கக்கூட முடியாது. கணினிக் கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஈமாக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள்:

(செட்க்யூ டிஃபால்ட்-இன்புட்-மெத்தட் "தமிழ்-இன்ஸ்கிரிப்ட்")

பிறகு கண்ட்ரோலோடு பின்சாய்கோடு தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். எழுத்து மட்டும் மாறும், கட்டளை விசைகள் ஆங்கிலத்திலேயே வேலை செய்யும். ஆங்கில ஒலிப்படி அடிக்கிறவர்கள் இன்ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் ஐட்ரான்ஸ் என்று போடலாம். தமிழ்99தான் கைக்குப் பழக்கம் என்றால், புதிய பதிப்புகளில் அந்த இடத்தில் தமிழ்99 என்றே போடலாம். பழைய பதிப்பில் கணினிக் கீபோர்டை விட வழியில்லாமல் இருக்கலாம். அப்போதும் எஃப்5 போன்ற விசைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனாலும்தான் உங்கள் கட்டளையை அங்கே வைத்தேன்.

இன்னொரு தொல்லை ஒட்டும் உரையில் வருவது. மற்றவர்கள் அனுப்பிய செய்தியை எடுத்து ஒட்டியபின் 'கொடுமுடியாறு' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கிற சொல்லையே இல்லை என்று சொல்லும். 'கொ' என்பதில் இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடும்போது வேறுவேறு. ஒருங்குறியில் இரண்டும் சமம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற வேலையும் ஈமாக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தான் நீளம். நமக்கேற்ற பெயர் வைத்துக்கொள்வோம்:

(டெஃபன் எழுத்து-சீராக்கு ()
  "பிரிந்த ஒகர ஓகாரக் குறிகளை ஒன்றாக்கும்."
  (இன்டராக்டிவ்)
  (யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜியன் (பாயிண்ட்-மின்) (பாயிண்ட்-மேக்ஸ்)))

இதை சேமிக்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி கொக்கியில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். மாட்டாதீர்கள். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்துக்குப் புத்தக வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் நான் அப்படி ஒன்றைச் செய்தேன். சொற்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி விழுந்தால் ஒன்றாக்கும் சின்னக் கட்டளை. கையால் ஓட்டிவந்தவரை ஒரு குறையுமில்லை. சோம்பலில் சேமிக்கும் கொக்கியில் மாட்டினேன். ஒரு வாரம் கழித்து வேறொரு புத்தகத்தில், இடைவெளிகளால் நிரல் பிரித்திருந்த பழைய நிலவரி அட்டவணைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஃபைலைத் திறந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்த ஒவ்வொரு முறையும் அது நடந்திருக்கிறது. நகல் இருந்த பக்கங்கள் தப்பின. மிச்சத்தை மூலப்பிரதியைப் பார்த்து இரண்டு இரவு உட்கார்ந்து அடித்தேன். அன்றிலிருந்து உரையை மாற்றுகிற எந்தக் கட்டளையையும் நான் கொக்கியில் மாட்டுவதில்லை. நானே விசையைத் தட்டி, நானே பார்த்து, வேண்டாமென்றால் உடனே திரும்பப் பெறும்படி வைத்திருக்கிறேன். வரி மடிப்பதுபோலத் தோற்றத்தை மட்டும் மாற்றுகிறவை கொக்கியில் இருப்பதால் கெடுதல் இல்லை.

பிழை வந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் பிராக்கெட்தான். 'எண்ட் ஆஃப் ஃபைல் டூரிங் பார்சிங்' என்று வந்தால் எங்கோ ஒன்றை மூடவில்லை. ஆல்ட்-எக்ஸ் செக்-பேரன்ஸ் என்று ஓட்டினால் சரிப்படாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கர்சரை ஒரு பிராக்கெட்டின் மேல் வைத்தால் அதன் ஜோடி ஒளிரும், 2022ல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே இருக்கிறது. செட்டிங்ஸ் ஃபைலே உடைந்து ஈமாக்ஸ் பாதியில் நின்றால், டெர்மினலில் ஈமாக்ஸ் என்று அடித்து பக்கத்தில் சிறுகோடும் பெரிய க்யூவும் கொடுங்கள். எந்த செட்டிங்ஸும் இல்லாமல் வெறும் ஈமாக்ஸ் திறக்கும், அதிலிருந்து ஃபைலைத் திருத்தலாம். எந்த ஃபைலை அது செட்டிங்ஸாக எடுத்துக்கொள்கிறது என்பதே குழப்பமாக இருந்தால் கண்ட்ரோல்-எச் வி தட்டி யூசர்-இனிட்-ஃபைல் என்று கேளுங்கள், முழுப்பாதையையும் சொல்லும். கண்ட்ரோல்-எச் கே தட்டி எந்த விசையை அழுத்தினாலும் அந்த விசை எந்தக் கட்டளை என்று சொல்லும். நிரலர் அல்லாதவர்களுக்கென்றே எழுதிய லிஸ்ப் அறிமுகநூல் ஒன்று ஈமாக்ஸின் கையேடுகளோடு சேர்ந்தே வருகிறது, கண்ட்ரோல்-எச் ஐ தட்டினால் பட்டியலில் இருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையான ஆங்கிலம், முதல் மூன்று அத்தியாயம் படித்தாலே உங்களுக்கு ஏராளம்.

ஓரமாக வைத்த நானூறு வரியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேலை செய்யும்போது "அடடா, இது முன்னால் இருந்ததே" என்று எப்போது தோன்றுகிறதோ, அப்போது அந்த ஃபைலைத் திறந்து அதற்குரிய வரியை மட்டும் தேடி எடுங்கள். ஸ்கிராட்ச் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் கண்ட்ரோல்-எச் எஃப், கண்ட்ரோல்-எச் வி கேட்டுப் புரிந்தபிறகு, எதற்காக என்று தமிழில் ஒரு வரி எழுதி உங்கள் ஃபைலில் சேருங்கள். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இரண்டு போட்டால் ஈமாக்ஸ் அதைப் படிக்காது, நமக்கான குறிப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் நாற்பது வரி வந்து சேர்ந்தால் அதிகம், நான் பார்த்தவரை.

கார் சாகுபடி முடிந்து பிசான சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற சமயத்தில் குறிப்பின் தலைப்பில் பருவத்தின் பெயரும் தானாக வர வேண்டும் என்று கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மாத எண்ணை எடுக்கத் தெரிந்துவிட்டது, சிறிய எம். அதை ஒப்பிட்டுப் பார்த்து இதுவா அதுவா என்று முடிவெடுக்க இஃப் என்று ஒரு சொல் இருக்கிறது. முதலில் ஒப்பிடுவதை எழுதி, ஆமென்றால் வருவதையும் இல்லையென்றால் வருவதையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். எந்த மாதத்தில் எது தொடங்குகிறது என்பது அணை திறக்கிற தேதியைப் பொறுத்தது, அது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எழுதிப் பார்த்து, ஓடாவிட்டால் வரியையும் பிழைச் செய்தியையும் அப்படியே அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.